நெடுங்கரிசலில் மண் கூப்பிட்ட வருஷம்

சந்தை நாள் காலையில் கறிக்கடை மாயாண்டி அரைக்கிலோ கறியைத் தராசில் போட்டுவிட்டு, எடைக்கல்லை எடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடி நிற்க, அடிவயிற்றிலிருந்து "ஹா" என்று ஒரு மூச்சை வெளியே விட்டார். மூச்சு போன இடத்தில் வயிறு உள்ளே ஒடுங்கி, முதுகு வளைந்து, முழங்கால் இரண்டும் பேசிவைத்துக்கொண்டதுபோல் இளகி, அந்தப் பெரிய உடம்பு ஒரு சுற்றுச் சுற்றித் தோள்பட்டை வழியாக மண்ணில் இறங்கிப் புரண்டு மல்லாந்தது. கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துக் கிடந்தபின், கையும் ஊன்றாமல் காலும் உதைக்காமல், மண்ணே அவரைப் பக்கவாட்டில் தூக்கி நிறுத்தியது. நின்றவர் வாங்க வந்தவரிடம், "எலும்பு சேத்தாப்லயா, தனியாவா?" என்று கேட்டார்.

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது நெடுங்கரிசலில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஆகவே சந்தையில் இருந்தவர்கள் அவரவர் வீட்டுச் சாவி, பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி என்று எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஓடி வந்தவர்களில் முதலாவது ஆள் மாயாண்டியின் உள்ளங்கையில் சாவிக்கொத்தை வைக்கக் குனிந்தபோது அவரும் "ஹா" என்றார், கீழே போய்விட்டார். அவருக்குச் சாவி கொடுக்க வந்தவரும் போனார். வெயில் ஏறுவதற்குள் சந்தைப்பேட்டையில் பாதி ஊர் சாவியும் கையுமாக உருண்டு எழுந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

பூக்காரியிடம் முழம் போட்டு வாங்கிக்கொண்டிருந்த பூரணவல்லி டீச்சர் எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் ஊரின் ஒரே பரதநாட்டிய ஆசிரியை. ஆச்சரியப்படவெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. முதுகு இப்படி வளைகிறதே, முழங்கால் இப்படித் தளர்கிறதே, கை எங்கே போகிறதென்று கண்ணாவது பார்க்கிறதா என்றுதான் தோன்றியது. பூவை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபடி வீட்டுக்குப் போனாள். நிமிர்ந்து நடப்பதில் அவளை மிஞ்ச அந்த வட்டாரத்தில் பனைமரம்தான் உண்டு.

சாவிக்கு அடங்கவில்லை என்றதும் ஊர் அடுத்த மருந்துக்குப் போனது. காளியம்மன் கோயில் பூசாரி விபூதித் தட்டோடு வந்து, கீழே கிடந்த கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க்கின் தலைமாட்டில் உட்கார்ந்து, சாமி வந்தவர்களிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"யாரு வந்திருக்கீக? கருப்பனா, அம்மனா? என்ன வேணும், வாய் விட்டுச் சொல்லணும்."

"யாரும் வரல சாமி," என்றார் கிளார்க், மண்ணில் கன்னத்தை வைத்தபடி. "நான்தான்."

"நீன்னா?"

"நான்தான், சங்கத்து ராசாமணி. எனக்கு ஒண்ணும் வேணாம். நல்லாருக்கு, போங்க."

பூசாரிக்கு வாழ்க்கையில் இப்படியொரு பதில் வந்ததில்லை. வருவது சாமியாக இருந்தால் கிடா கேட்கும். பேயாக இருந்தால் சாராயம் கேட்கும். ஆள் தானே தனக்குள் வந்து இறங்கி ஒன்றும் கேட்காமல் கிடந்தால் என்ன படைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விபூதியைத் தன் நெற்றியிலேயே பூசிக்கொண்டு எழப்போனவரை மண் எழ விடவில்லை.

நாலு நாள் நடந்தால் நாற்பது வருஷத்துப் பழக்கம் ஆகிவிடும் என்பார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நெடுங்கரிசல் விழுவதற்குத் தோதாகத் தன்னை மடித்து வைத்துக்கொண்டது. கஞ்சி போட்ட வேட்டியை விறைப்பாக உடுத்துவதை ஆண்கள் விட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில், "விழுபவர்களுக்கு ஜமுக்காளம் விரிக்கப்படும்" என்று ஒரு வரி சேர்ந்தது. இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தபடியே பெண்கள் இறங்கி எழுந்தார்கள். செத்தவர் ஒருவர்தான் அசையாமல் கிடந்தார், அதனால் யார் பிணம் என்கிற குழப்பம் வரவில்லை. மினிபஸ் டிரைவர் மட்டும் முன்னெச்சரிக்கையாக ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி ஒரு தடவை விழுந்து, கணக்கைத் தீர்த்துக்கொண்டுதான் ஸ்டீயரிங்கைத் தொட்டார். விழுகிறவன் தனியாக விழுந்தால் சும்மா இருந்தான். பக்கத்தில் இன்னொருவன் விழுந்தால் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து, யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரும் எழுந்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட இப்படி முதுகோடு முதுகு சாய்ந்து எழுந்து, எழுந்தபின் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

ஒரே ஒரு தொல்லைதான் தீரவில்லை. காலில் விழுவது அந்த ஊரில் சாதாரண விஷயம் இல்லை. யார் யார் காலில் விழலாம், யார் விழக் கூடாது, விழுந்தவரை எந்தச் சொல்லால் வாழ்த்த வேண்டும் என்று தாயின் மடியிலேயே கற்றுக்கொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். எதிரே ஒருவர் தரையைத் தொட்டால் வாய் தானாக வாழ்த்திவிடும். இப்போது யார் எதிரே யார் விழுவார் என்று சொல்ல முடியாததால், மாமியார்கள் மருமகள்களிடம் வாழ்த்து வாங்கினார்கள். புதிய பஸ் நிழற்குடையைத் திறக்க வந்த சேர்மன், கூட்டம் மொத்தமும் தன் முன்னால் விழுந்ததைப் பார்த்து மனம் குளிர்ந்து இரண்டு கையையும் தூக்கினார். தூக்கிய கையோடு அவரே சுருண்டு, தெருக்கூட்டும் வெள்ளைத்தாயின் காலடியில் போய் மல்லாந்தார். வெள்ளைத்தாய் விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு, "நல்லா இரு மகராசா, புள்ளகுட்டியோட தீர்க்காயுசா இரு," என்று வாய் நிறைய வாழ்த்தினாள். சேர்மன் எழுந்ததும் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மண் இழுத்து விழுந்தால் அது கணக்கில் சேராது, மனசு வைத்துத் தானாக விழுந்தால்தான் சேரும் என்று முடிவானது.

"அதெல்லாம் செல்லாது," என்று எழுந்து நின்றார் ஒருவர். "விழுந்தா விழுந்ததுதான்."

அவர் சங்கரபாண்டி, பூரணவல்லியின் கணவனுக்கு அண்ணன். ஊரில் இன்னும் விழாமல் பாக்கியிருந்த இரண்டு பேரில் அவர் ஒருவர். இன்னொருத்தி பூரணவல்லி.

இந்த இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது பழைய கதை. பூரணவல்லி கழுத்தில் அருணகிரி தாலி கட்டியவுடன், தகப்பன் இல்லாத குடும்பத்தில் தகப்பன் இடத்தில் நின்ற சங்கரபாண்டி, பட்டுவேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு காலைச் சேர்த்துவைத்து நின்றார். அருணகிரி விழுந்தான். மணப்பெண் விழவில்லை. கைகூப்பினாள், அவ்வளவுதான். நாதஸ்வரம் நின்றது. "விழும்மா, விழும்மா" என்று பின்னாலிருந்து முதுகைக் குத்தினார்கள். "ஆடுறதுக்கு முன்னாடி பூமாதேவியைத் தொட்டுக் கும்பிடுறேன், உன்னை மிதிக்கப் போறேன் பொறுத்துக்கோன்னு. அந்த ஒருத்திக்குத்தான் என் முதுகு வளையும். மனுஷங்க காலுக்கு மாட்டேன்," என்றாள். மாட்டேன் என்று சொல்வதற்காக ஒரு மூச்சு இழுத்தாள் பாருங்கள், அது மண்டபத்து ஊதுபத்தி வாசம் முழுவதையும் சேர்த்து இழுத்த மூச்சு.

அண்ணன் கோபம் ஆறட்டும் என்று அன்று சாயங்காலம் அருணகிரி அண்ணன் வீட்டுக்குப் போனான். ஆறவில்லை. இன்னொரு நாள் இருந்து பார்த்தான். அண்ணன் வீடு மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம், டீச்சர் வீடு அந்தப் பக்கம். அண்ணன் வீட்டு முன்னறையிலேயே மிக்சி, கிரைண்டர் ரிப்பேர்க் கடையும் போட்டான். கோபம் ஆறக் காத்திருந்ததில் காதோரம் நரைத்துவிட்டது. தினமும் கடை மூடும் நேரத்தில் ரோட்டோரம் வந்து நிற்பான். அவள் வாசலில் வந்து நிற்பாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் குடும்பம் நடக்கும்.

"சாப்ட்டியா பூரணம்?"

"ஆச்சு. நீங்க?"

ஒரு மணல் லாரி போகும்.

"என்ன கேட்ட?"

"நீங்க சாப்ட்டீங்களான்னேன்!"

ஒரு அரசு பஸ் போகும். ஊருக்கே அவர்கள் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும்.

இப்படிப்பட்ட பூரணவல்லியை மண் கூப்பிடவில்லை. முதலில் அவளுக்கு அது பெருமையாக இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் அரைமண்டியில் உட்கார்ந்து தட்டடவு போடும்போது ஒவ்வொன்றாகச் சரிந்தன, "முதுகு! முதுகு!" என்று தட்டுக்கழியைத் தட்டிப் பார்த்தாள். தட்டுக்கழிதான் பிளந்தது. பெற்றவர்கள் வந்து, "டீச்சர், இந்த உருளுற ஆட்டத்தையும் சேத்துச் சொல்லிக் குடுங்களேன், இதுக்கும் சலங்கை பூஜை உண்டா?" என்று கேட்டார்கள். பிறகு, அது தெருவிலேயே வருகிறது, இதற்கு எதற்கு வகுப்பு என்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். நடராஜர் படமும் ஊதுபத்தியும் அவளும் மிஞ்சினார்கள்.

ஆள் இல்லாத கூடத்தில் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்க்கப் பார்க்க, பெருமை போய்ப் பொறாமை வந்தது. ஆம், பொறாமைதான், வேறு பெயர் அதற்கு இல்லை. நடக்கத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த ஜனங்கள் இறங்கும்போது அவ்வளவு அழகாக இருந்தார்கள். யாரும் ராதையாகவில்லை, யாரும் முருகனாகவில்லை, கண்ணில் மையில்லை, காலில் சலங்கையில்லை. ராசாமணி ராசாமணியாகவே இறங்கினார், மாயாண்டி ரத்தக்கறை லுங்கியோடே இறங்கினார். அருணகிரி இருக்கிறானே, நாலு பேர் முன்னால் தும்முவதற்கே கூச்சப்படுகிறவன், அவன் ஒருநாள் கையில் ஸ்குரூடிரைவரோடு ரோட்டோரத்தில் இறங்கிய விதத்தைப் பார்த்து அவள் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். இந்த மனிதனையா ரோட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவைத்தேன் என்று இருந்தது.

அன்று பூமாதேவியைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தவள் கும்பிடவில்லை, சண்டை போட்டாள். "அஞ்சு வயசுலேருந்து தினமும் உன்னைத் தொட்டுக் கும்பிட்டவ நான். இந்த ஊர்ல வேற எவ உன்கிட்ட மன்னிப்பு கேட்டா? போயும் போயும் கறிக்கடைக்காரனைக் கூப்பிடுற, சேர்மனைக் கூப்பிடுற. நான் என்னடி பாவம் பண்ணேன்?"

கூப்பிட்டால் மட்டும் போய்விட முடியுமா என்பது வேறு விஷயம். ஏனென்றால், எல்லாரையும் ஒருநாள் மண் இழுக்கும் என்று தெரிந்துகொண்ட சங்கரபாண்டி, அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் கிணற்றடியில் காலைப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்த்துக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, ரோட்டைக் கடந்து வந்து, பூரணவல்லி வீட்டு வாசலுக்கு எதிரே காலைச் சேர்த்துவைத்து நிற்கத் தொடங்கியிருந்தார். அவள் காய்கறிக்குப் போனால் காய்கறிக்கடை முன்னால் நின்றார். கோயிலுக்குப் போனால் கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்றார். சாமியைப் பார்க்க வந்தவர்கள் இவர் காலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எந்த நேரமும் அவள் தன் முன்னால் விழக்கூடும். விழும்போது தன் கால் அங்கே இல்லாமல் போனால் இத்தனை வருஷக் காத்திருப்பு வீணாகிவிடும். விழுந்தா விழுந்ததுதான்.

"என்ன பெரியத்தான், காலங்காத்தால?" என்பாள் பூரணவல்லி. மரியாதையை அவள் விட்டதில்லை.

"சும்மாத்தான் த்தா. காத்து வாங்குறேன். ஒன் சோலியப் பாரு."

அவரும் விழவில்லை என்பதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. அத்தனை வைராக்கியமாக நிற்கிற ஆளை மண்ணால் என்ன செய்ய முடியும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு மத்தியானம், அவர் சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, பூரணவல்லி கதவைத் தாழிட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று, மாயாண்டி போலவே "ஹா" என்று சொல்லிப் பார்த்தாள். குரல்தான் வந்தது. சரி, நாமாகப் போவோம் என்று முதுகை வளைத்தாள். வளைந்த முதுகு பாதியிலேயே நினைவு வந்து நிமிர்ந்துகொண்டது. காலை மட்டும் இளக்கினாள். சிமெண்டுத் தரையில் முழங்கால் மோதிய சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

"என்ன டீச்சர், விழுந்துட்டீகளா?" என்று ஜன்னல் வழியாகச் சந்தோஷமாகக் கேட்டாள் மாயாண்டியின் மனைவி.

"இல்ல, வழுக்கிருச்சு."

அன்று மாலைக்குள் டீச்சர் வழுக்கி விழுந்த செய்தி பரவிவிட்டது. ஊரே விழுகிற ஊரில் வழுக்கி விழுவதைப்போல் ஒரு கேவலம் கிடையாது. அருணகிரி ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "தைலம் இருக்கா?" என்று கத்தினான், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து தாரிணி என்கிற பெண் தன் ஆட்டக் குழுவோடு வேனில் வந்து இறங்கினாள். ஒட்ட வெட்டிய முடி, தொளதொளவென்று கால்சட்டை. யாரோ கைபேசியில் எடுத்துப் போட்ட மாயாண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். செல்லக்கனி டீக்கடையில் உட்கார்ந்து, இதற்குப் பெயர் 'கன்டெம்பரரி டான்ஸ்' என்றும், இதைக் கற்றுக்கொள்ளத் தான் கடல் கடந்து போய் வந்ததாகவும் சொன்னாள். டீக்கடையே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"குளிர் நாடுகள்ல முன்னெல்லாம் பொம்பளைங்க இறுக்கமான கச்சை கட்டி, இறுக்கமான ஜோடு போட்டு, கட்டைவிரல் நுனியில நின்னு ஆடுவாங்க. தரையிலயே கால் படாத மாதிரி, காத்துல மிதக்குற தேவதை மாதிரி. நூறு வருஷத்துக்கு முன்னாடி சில பொம்பளைங்க இது வேணாம்னு ஜோட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெறுங்காலோட ஆடினாங்க. பெரிய புரட்சி அது."

"செருப்பக் கழட்டுனதா புரட்சி?" என்றாள் செல்லக்கனி. "இங்க பாதிப் பேருக்குச் செருப்பே கெடையாதே தாயி."

"அதோட நிக்கல. ஒருத்தங்க ஆட்டம் மூச்சுலேருந்துதான் பிறக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. மூச்சு போறப்ப வயிறு ஒடுங்கும், வர்றப்ப விரியும். இன்னொருத்தங்க, விழுறதும் எழுறதும்தான் ஆட்டம்னாங்க. அதுவரைக்கும் பூமியோட இழுப்பை மறைக்கத்தான் எல்லாரும் பாடுபட்டாங்க; இவங்க அந்த இழுப்போடயே ஆடினாங்க. அப்புறம் வந்தவங்க, நடக்குறது, உக்கார்றது, சொறிஞ்சுக்கிறதுகூட ஆட்டம்தான்னாங்க. ரெண்டு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் பாரத்தைப் போட்டுத் தாங்கினாலும் ஆட்டம்தான்."

"கதை என்ன?" என்று கேட்டார் ராசாமணி.

"கதை இல்லீங்க. கதை இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

"தாளம்?"

"அதுவும் அப்படித்தான்."

"அப்ப எப்ப முடியும்?"

"முடியுறப்ப முடியும்."

"நம்ம பஞ்சாயத்துக் கூட்டம் மாதிரின்னு சொல்லுங்க," என்று டீயை உறிஞ்சினார் ராசாமணி.

கடைக்கு வெளியே, கேட்காத மாதிரி நின்று அத்தனையும் கேட்டாள் பூரணவல்லி. தாரிணி வெளியே வந்ததும் வழிமறித்து, சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"எல்லாரையும் கூப்பிடுது. என்னை ஏம்மா கூப்பிடல?"

தாரிணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். முதுகைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், விலா எலும்பு இருக்கும் இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் வந்ததுலேருந்து பார்க்குறேன். நீங்க மூச்சு இழுக்குறீங்க, பேசுறீங்க. ஆனா முழுசா வெளிய விடவே இல்ல. எத்தனை நாளா அப்படியே பிடிச்சு வெச்சிருக்கீங்க?"

பூரணவல்லிக்குத் தெரிந்தது. கல்யாண மண்டபத்து ஊதுபத்தி வாசம் அவளுக்குள்ளிருந்தே வந்தது.

"விட்டா விழுந்துருவேனே," என்றாள். "அவரு கால் அங்கேயே நிக்குதே."

"யாரு கால்?"

ரோட்டோரத்தில், காலைச் சேர்த்துவைத்து, சங்கரபாண்டி காற்று வாங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சந்தைப்பேட்டையில் தாரிணி குழுவின் ஆட்டம் வைத்தார்கள். குழுவில் எல்லாரும் முழங்காலுக்குப் பஞ்சுப்பட்டை கட்டியிருந்தார்கள். விழுந்தார்கள், புரண்டார்கள், எழுந்தார்கள், வெகு நேர்த்தி. மண் மட்டும் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. ஊர் மரியாதைக்குக் கைதட்டிவிட்டுத் தனக்குள் பேசிக்கொண்டது. "புள்ளைக நல்லாத்தான் விழுகுதுக," என்றார் மாயாண்டி. "ஆனா விழுறதுக்கு முந்தியே எங்க விழணும்னு எடம் பாத்து வெச்சிருதுக." தாரிணியும் அதைக் கேட்டுச் சிரித்தாள், சிரித்த வாயோடு பட்டையை அவிழ்க்கத் தொடங்கினாள்.

ஆட்டம் முடிந்ததும், ஊரில் ஆடத் தெரிந்த ஒரே ஆள் என்கிற முறையில், தாரிணிக்குப் பொன்னாடை போர்த்தப் பூரணவல்லியைக் கூப்பிட்டார்கள். மேடை கிடையாது, மண்தரைதான். பொன்னாடையைத் தட்டில் வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டியவர் விழாக் குழுத் தலைவர் சங்கரபாண்டி. அவர் தட்டோடு வந்து, சரியாக அவளுக்கு நேர் எதிரே, காலைச் சேர்த்துவைத்து நின்றார். அன்றைக்குப் பாதத்தில் சந்தன வாசம்கூட வந்தது. ரோட்டுப் பக்கம் நின்ற அருணகிரி, குதிகாலைத் தூக்கி எம்பிப் பார்த்தான்.

பூரணவல்லி பொன்னாடையை எடுக்கவில்லை. அவர் காலைப் பார்த்தாள். இந்தக் காலுக்குப் பயந்து இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். இதற்குப் பயந்து ஒரு ஊரே ஆடுவதை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். இதற்குப் பயந்து ஒரு மனிதனோடு லாரிச் சத்தத்தில் குடும்பம் நடத்தியிருக்கிறேன். இது கால், இதைத் தாண்டி எவ்வளவோ மண் கிடக்கிறது. வாழ்த்தினால் வாழ்த்திக்கொள்ளட்டும், கணக்கில் சேர்த்தால் சேர்த்துக்கொள்ளட்டும், நான் போகிறது உன்கிட்டே என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

மூச்சை விட்டாள்.

அது "ஹா" என்று முடிகிற மூச்சு இல்லை. வந்துகொண்டே இருந்தது, சந்தைப்பேட்டை முழுவதும் பழைய கல்யாண மண்டபத்து ஊதுபத்தி மணத்தது, முன்வரிசையில் இருந்தவர்களின் தலைமுடி பறந்தது, மைக் செட்டுக்காரர் மைக்கை அணைத்துப் பார்த்தார். மூச்சு போகப் போக விலா ஒடுங்கியது, தோள் தளர்ந்தது, ஒருநாளும் வளையாத அந்த முதுகு ஒவ்வொரு கண்ணியாக வளைந்தது. பிறகு மண் கூப்பிட்டது. அஞ்சு வயதிலிருந்து தொட்டுக் கும்பிட்டவளை அது மற்றவர்களை இழுப்பதுபோல் இழுக்கவில்லை. ஊருக்குப் போய் நாளாகித் திரும்பிவந்த மகளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போவதுபோல் மெள்ள, ஒரு பெரிய சுற்றில், கூட்டத்துக்கு நடுவே வழி விட்டு வழி விட்டு, இடுப்பும் தோளும் கன்னமும் படப் படக் கூட்டிப்போனது. தட்டடவில் அவள் மிதித்த மிதியெல்லாம் தரைக்குள்ளிருந்து திரும்பிவந்து அவளைத் தாங்கின. அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று நன்றாகவே அழுதாள்.

சுற்று முடிந்து அவள் கிடந்த இடம் சங்கரபாண்டியின் காலடி.

அவர் எத்தனையோ வருஷம் ஒத்திகை பார்த்த கையை உயர்த்தினார். "தீர்க்க சுமங்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. கீழே கிடந்து பார்த்த பூரணவல்லிக்குத்தான் அது தெரிந்தது: அந்தக் கால் நடுங்கியது. தேய்த்துத் தேய்த்துக் கழுவிய குதிகாலில் வெடிப்பு. விரல்கள் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தன. மண் அவரை இழுக்காமல் இல்லை, மற்ற எல்லாரையும்விடப் பலமாக, முதல் நாளிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விழுவதைப் பார்க்க வேண்டும் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர் நின்றிருக்கிறார். இப்போது பார்த்தாயிற்று. நிற்பதற்கு வேறு காரணம் இல்லை. சங்கரபாண்டி கையைத் தூக்கியபடியே "ஹா" என்றார். பொன்னாடை ஒரு பக்கம், தட்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று அவளுக்குப் பக்கத்தில் வந்து இறங்கினார்.

கொஞ்ச நேரம் இருவரும் வானத்தைப் பார்த்துக் கிடந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்குத்தா கீழ," என்றார் சங்கரபாண்டி, மெல்லிய குரலில்.

"ஆமா பெரியத்தான்."

"ஊருக்கு முன்னாடி கால்ல விழணும்னு நிப்பாட்டியிருக்கக் கூடாது, கல்யாணப் பொண்ண." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒந்தம்பிக்கிட்ட சொல்லிராத."

"உங்க தம்பிதான் பெரியத்தான்."

"அவன்கிட்டத்தான்."

அதற்குள் அருணகிரி ஓடி வந்துவிட்டான். வந்தவன் இரண்டு தலைகளுக்கும் நடுவில் நின்று திணறினான். அண்ணனைத் தூக்கினால் இவள் என்ன நினைப்பாள், இவளைத் தூக்கினால் அவர் என்ன நினைப்பார். ஒரு கையை அந்தப் பக்கம் நீட்டினான், ஒரு கையை இந்தப் பக்கம் நீட்டினான், இரண்டையும் மடக்கிக்கொண்டான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"யாரையும் தூக்க வேணாம்," என்றாள் பூரணவல்லி, கிடந்தபடி. "நீங்க வந்து படுங்க."

"எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

அருணகிரி மண் கூப்பிடுமா என்று நின்று பார்த்தான். எத்தனையோ தடவை அவ்வளவு அழகாக இறக்கிவிட்ட மண் அன்றைக்குப் பார்த்துப் பேசாமல் இருந்தது. சரி என்று அவனாகவே, கண்ணை மூடிக்கொண்டு, மூட்டையைப் போட்டதுபோல் தொப்பென்று அவள் பக்கத்தில் விழுந்தான். முழங்கை கல்லில் பட்டுத் தோல் கிழிந்தது. "ஆ" என்றான். நெடுங்கரிசலில் அந்த வருஷம் விழுந்து ரத்தம் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

கூட்டத்தில் யாரோ சாவிக்கொத்தோடு ஓடி வந்தார்கள். செல்லக்கனி அவர்களைப் பிடித்து நிறுத்தினாள். பூரணவல்லி ஒருக்களித்துப் படுத்து, அவன் முழங்கையைத் தன் பக்கம் இழுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஊதினாள்.